முதல் பாய்ப்படகு: பழைய சன்ஃபிஷ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

ஹார்ட்ஃபர்ட் வாசி (ஏப்ரல்)

எல்லாருக்கும் வணக்கம். கனெடிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபர்ட் பக்கம் இருக்கிறோம், நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும். போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேன்டம் ஏரிக்குப் போயிருந்தோம். எழுபது வயதாவது இருக்கும், ஒரு அம்மா தனியாக ஒரு சின்னப் படகைக் கரையிலிருந்து தள்ளி, ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் ஏரி நடுவுக்குப் போய்விட்டார். மோட்டார் கிடையாது, கூட ஆள் கிடையாது. அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார், படகை இழுத்துப் போட்டார், பத்து நிமிடத்தில் பாயைச் சுருட்டிவிட்டார். நான் போய் என்ன படகு என்று கேட்டேன். சன்ஃபிஷ் என்றார். அன்றிலிருந்து அந்தப் படகு மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது நாற்பது நிமிட தூரத்தில் ஒருவர் பழைய சன்ஃபிஷ் ஒன்றை 650 டாலருக்கு விற்கிறார், எண்பதுகளில் செய்த படகு என்கிறார். பாய், சுக்கான், நடுவில் செருகும் பலகை எல்லாம் இருக்கிறது, டிரெய்லர் மட்டும் இல்லை. ஆபீஸில் ஒருவர் அது ஒரே ஆள் விளையாட்டுப் படகு, குடும்பத்தோடு போக வேண்டுமானால் ஓடே டே செய்லர் மாதிரி பெரிதாக ஒன்று வாங்கு என்கிறார்.

நான் திருச்சிக்காரன், வாய்க்காலிலும் கிணற்றிலும் குதித்து நீச்சல் கற்றவன். பரிசலைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. மனைவிக்கு நீச்சல் தெரியாது. மகள் இங்கே இரண்டு வருடமாக நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். மூன்று கேள்விகள். இந்தப் படகை வாங்கலாமா? போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? யாரிடமும் படிக்காமல் நாமே கற்றுக்கொள்ள முடியுமா?


ஏரிக்காற்று (நியூ ஜெர்சி)

வாங்குங்கள், ஆனால் எடை போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான். பதினோரு வருடமாகச் சன்ஃபிஷ் வைத்திருக்கிறேன், இது இரண்டாவது. முதல் படகில் இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு கோடையை இழந்தேன்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சன்ஃபிஷ் கிட்டத்தட்ட 14 அடி நீளம், 4 அடி அகலம், 75 சதுர அடியில் ஒரே ஒரு பாய். காய்ந்த படகின் எடை 55லிருந்து 60 கிலோதான், இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரைமேல் வைக்கலாம். மேல் தட்டும் கீழ் உடம்பும் ஃபைபர் கிளாஸ், இரண்டையும் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள், உள்ளே மிதப்பதற்காகத் தெர்மோகோல் மாதிரி நுரைக்கட்டிகள். எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தால் வருடக்கணக்கில் தண்ணீர் கசிந்து உள்ளே போய் அந்த நுரையில் ஊறிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், எடை மட்டும் 80, 90 கிலோ. படகு எருமை மாதிரி நகரும். நுரையில் ஊறிய தண்ணீர் அடைப்பானைத் திறந்து கவிழ்த்தால் வெளியே வராது. மேல் தட்டில் வட்டமாக வெட்டி, திறந்து மூடும் மூடி பொருத்தி, உள்ளே சின்ன ஃபேன் வைத்து மாதக்கணக்கில் ஓடவிட வேண்டும். என் முதல் படகைக் கராஜில் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி உலர்த்தினேன். 90 கிலோ இருந்தது 71க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

பார்க்கப் போகும்போது வீட்டில் நாம் எடை பார்க்கும் ஸ்கேல் ஒன்றையும் ஒரு மரக்கட்டையையும் எடுத்துப் போங்கள். முன்பக்கத்துக்குக் கீழே ஸ்கேல், பின்பக்கத்துக்குக் கீழே அதே உயரத்துக்குக் கட்டை. எண்ணைக் குறித்துக்கொண்டு, தாங்குகிற இடங்களை மாற்றாமல், ஸ்கேலையும் கட்டையையும் இடம் மாற்றி வைத்து மறுபடி எடுங்கள். இரண்டையும் கூட்டினால் படகின் எடை. 65 கிலோ வரை யோசிக்காமல் வாங்கலாம். 75க்கு மேல் என்றால் விலையில் பாதியைக் குறைத்தாலும் வேண்டாம் என்பேன். விற்கிறவர் எடை போட விடவில்லை என்றால் அதுவே பதில்.

அப்புறம் கம்பம் செருகும் குழியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடியில் ஓட்டை. நடுப்பலகை செருகும் துவாரத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள், தரைதட்டிய படகுகளில் முதலில் உடைவது அங்கேதான். சுக்கான் பொருத்தும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்துக்கு முன்னால் செய்த படகுகளில் சுக்கான் வேறு மாதிரி, வெண்கலத் தகடு வைத்தது, அதற்கு உதிரிபாகம் தேடுவது தலைவலி. உங்களுடையது எண்பதுகள் என்பதால் அந்தக் கவலை இல்லை. பாய் வெளுத்திருந்தால் பரவாயில்லை, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பாய் மாற்றக்கூடிய பொருள். படகின் உடம்பைத்தான் மாற்ற முடியாது.

கசிவைக் கண்டுபிடிக்கக் காற்று அடித்து, ஒட்டிய ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். காலை வைக்கும் பள்ளத்தின் முன்சுவரில் ஒரு ஊசித் துளை இருக்கும், காற்றுப் போய்வர, அதை முதலில் டேப் போட்டு மூட வேண்டும். மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பு போதும். கம்ப்ரஸரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், ஒட்டு பிரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. அந்தப் படகு பிறந்ததே உங்கள் பக்கத்தில்தான். கனெடிகட்டில் வாட்டர்பரி என்ற ஊரில் அலெக்ஸாண்டர் பிரையன், கார்ட்லண்ட் ஹெய்னிகர் என்று இரண்டு நண்பர்கள், ஒருவரை ஆல் என்றும் இன்னொருவரை கார்ட் என்றும் கூப்பிடுவார்கள், இரண்டையும் சேர்த்து ஆல்கார்ட் என்று கம்பெனி. நாற்பதுகளில் அவர்கள் முதலில் செய்தது செய்ல்ஃபிஷ். தட்டையான பலகை, மேலே ஒரு பாய், அவ்வளவுதான், உட்கார்ந்தால் கால் வைக்க இடம் கிடையாது. அதை அகலமாக்கி, காலை வைக்க ஒரு பள்ளம் வைத்ததுதான் ஐம்பதுகளில் வந்த சன்ஃபிஷ். முதலில் பிளைவுட், பிறகு ஃபைபர் கிளாஸ். எழுபது வருடம் கழித்தும் அதே வடிவம். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது என்பதற்காகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.


மைதிலி பாஸ்டன்

படகைப் பற்றி ஏரிக்காற்று சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் கண்டிப்பாக.

நாமே கற்றுக்கொள்ள முடியும், நிறைய பேர் அப்படித்தான் கற்றார்கள். ஆனால் இரண்டு நாளாவது யாரிடமாவது படித்துவிட்டுப் படகை வாங்குங்கள். பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் கம்யூனிட்டி போட்டிங் என்று 1946லிருந்து நடக்கிறது, நான் கற்றது அங்கேதான், மெர்க்குரி என்ற 15 அடிப் படகில். உங்கள் பக்கத்திலும் இப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் புரியாதது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "இப்போ கயிற்றை விடு" என்று சொன்னால் ஒரு நொடியில் புரியும்.

தண்ணீரின் குளிரைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மே மாதத் தொடக்கத்தில் வெயில் 25 டிகிரி அடிக்கும், டீ-ஷர்ட்டோடு ஏரிக்கு ஓடத் தோன்றும், ஆனால் தண்ணீர் 15 டிகிரிகூட இருக்காது. அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள், சோர்ந்து போய் அல்ல, முதல் ஒரு நிமிடத்திலேயே. கிணற்றில் நீந்தியவர் என்று சொன்னீர்கள், நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேறு, பனி உருகி ஆறு வாரம் ஆன ஏரி வேறு. ஜூன் நடுவில் தொடங்குங்கள். அதற்கு முன்னால் போயே ஆக வேண்டும் என்றால் வெட்சூட் போட்டுக்கொண்டு போங்கள். வெளிக் காற்றுக்கு ஏற்ற உடை வேண்டாம், தண்ணீருக்கு ஏற்ற உடை.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும், பட்டியும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். கனெடிகட்டில் 13 வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு அது சட்டம். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அது சட்டமாக இருக்கட்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் மகளின் காதுவரை ஏறினால் அது அவள் அளவு இல்லை. ஒரு விசிலையும் அதிலேயே கட்டிவிடுங்கள்.

மனைவிக்கு இந்தக் கோடை நீச்சல் வகுப்பு, அடுத்த கோடை படகு. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அக்காவிடமும் இதையேதான் சொன்னேன்.


வேம்பார் மகன்

வணக்கம் அண்ணா. நான் படகு விற்கிற வாங்குகிற விஷயம் சொல்ல வரவில்லை. சன்ஃபிஷ் படத்தை இந்தத் திரியில்தான் முதல்முறை தேடிப் பார்த்தேன், பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தாத்தாவின் பாய் அது.

வேம்பார் தூத்துக்குடி மாவட்டம், கடற்கரை. எங்கள் பக்கம் மோட்டார் வருவதற்கு முன்னால் எல்லாமே பாய்தான். கம்பம் குட்டையாக நிற்கும், அதன் மேல் நீளமான ஒரு கம்பு சாய்வாகத் தொங்கும், முக்கோணப் பாயை அந்தக் கம்பில் கட்டியிருப்பார்கள். அந்தச் சாய்ந்த கம்புக்குப் பருமல் என்று பெயர். சன்ஃபிஷிலும் கம்பம் குட்டை, பருமல் நீளம், கீழே இன்னொரு கம்பு கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். குட்டைக் கம்பத்தில் உயரமான பாய் ஏற்றலாம், பிரித்தால் எல்லாம் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும், அதுதான் இதில் இருக்கிற வசதி.

தாத்தா எனக்குச் சொல்லித்தந்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். படகைத் தள்ளுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். முகத்தை மெதுவாகத் திருப்புங்கள். காற்றின் சத்தம் இரண்டு காதிலும் ஒரே மாதிரி கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். மூக்கு காட்டுகிற திசையிலிருந்துதான் காற்று வருகிறது. இதைப் படகில் உட்கார்ந்த பிறகும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து என்று எங்களுக்குப் பெயர் சொல்லித்தான் பழக்கம், பெயர் வைத்துவிட்டால் காற்று மாறும்போது மனது உடனே கண்டுபிடித்துவிடும்.

காற்று வருகிற திசையை நோக்கி நேராக எந்தப் பாய்ப்படகும் போகாது. இந்தப் பக்கம் 45 டிகிரி, அந்தப் பக்கம் 45 டிகிரி, அதற்குள் நுழைந்தால் பாய் படபடவென்று அடிக்கும், படகு நின்றுவிடும். காற்று வருகிற பக்கம் போக வேண்டுமானால் வளைந்து வளைந்துதான் போக வேண்டும், மலைப்பாதையில் பஸ் ஏறுவது மாதிரி. நடுவில் செருகும் பலகை எதற்கு என்றால் இதற்குத்தான், காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நண்டு மாதிரி ஒதுங்காமல் அந்தப் பலகை தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அது தேவைப்படாது, பாதிக்கு மேல் தூக்கிவிடலாம், படகு லேசாக ஓடும்.

பயமாக இருக்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், கயிற்றை விட்டுவிடுங்கள். பாய் தளர்ந்து காற்றை விட்டுவிடும், படகு நிமிர்ந்து நின்றுவிடும். எதையாவது இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள். அதனால்தான் அந்தக் கயிற்றை எதிலும் கட்டிவைக்கக் கூடாது, எப்போதும் கையில் இருக்க வேண்டும்.


பழைய டே செய்லர்

எதிர்க்கட்சியாக ஒரு குரல். என்னிடம் ஓடே டே செய்லர் இருக்கிறது. 16 அடி 9 அங்குலம், இங்கிலாந்தின் அஃபா ஃபாக்ஸ் ஐம்பதுகளில் வரைந்த படகு, இரண்டு பாயும் சேர்த்து 145 சதுர அடி, முன்னால் சாமான் வைக்கச் சின்னக் கூடாரம் மாதிரி மூடிய இடம் இருக்கிறது. நாலு பேர் கட்டுச்சோறோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம், துணி நனையாது. என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது புடவையோடு உட்கார்ந்து ஏரியைச் சுற்றி வந்தார். சன்ஃபிஷில் அது நடக்காது, அதில் ஏறினால் நனைந்தே ஆக வேண்டும், இரண்டு பேருக்கு மேல் இடமும் கிடையாது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். 260 கிலோ பக்கம் எடை, டிரெய்லர் இல்லாமல் அசைக்க முடியாது, டிரெய்லருக்குத் தனிப் பதிவு, காரில் கொக்கி, வைக்க இடம். கம்பத்தை நிறுத்திக் கம்பிகளைக் கட்டிக் கிளம்ப எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு மாலை வேலை முடிந்து ஒரு மணி நேரம் போய்வரலாம் என்று நினைத்தால் மனசு வராது. போன கோடையில் நான் படகை இறக்கியது ஏழே ஏழு முறை. பக்கத்து வீட்டுப் பையன் சன்ஃபிஷ் வைத்திருக்கிறான், வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீரில் இருக்கிறான். கற்றுக்கொள்ள எது நல்லது என்று அதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.


ஹார்ட்ஃபர்ட் வாசி

எல்லாருக்கும் மிகவும் நன்றி, இரண்டு முறை முழுசாகப் படித்தேன், மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மைதிலி அவர்கள் சொன்னதைக் கேட்டு அவளே நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை ஸ்கேலோடு போனேன். முன்பக்கம் 38, பின்பக்கம் 46, மொத்தம் 84 கிலோ. விற்கிறவர் நல்ல மனிதர், அவருக்கே தெரியவில்லை, அவர் அப்பா வாங்கிய படகாம். 300க்குத் தருகிறேன் என்றார். மனது ஆடியது. ஏரிக்காற்று சொன்னது ஞாபகம் வந்து வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். படகைப் பதிவு செய்ய வேண்டுமா? கவிழ்ந்தால் எப்படி நிமிர்த்துவது, அதை யாராவது படிப்படியாகச் சொல்லுங்களேன், என் பயமே அதுதான்.


ஏரிக்காற்று (நியூ ஜெர்சி)

84 கிலோவா! நல்ல முடிவு.

பதிவு விஷயம், கனெடிகட்டில் பாய் மட்டும் உள்ள படகு 19 அரை அடிக்குக் குறைவாக இருந்தால் பதிவு தேவையில்லை. சின்ன மோட்டார் ஒன்றை மாட்டினாலும் போச்சு, பதிவு செய்ய வேண்டும். அதனால் மாட்டாதீர்கள், சன்ஃபிஷுக்கு ஒரு துடுப்பு போதும், காற்று செத்துவிட்டால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிடலாம்.

கவிழ்வது. இது விபத்து இல்லை என்று மனதில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இந்தப் படகில் இது நடக்கிற காரியம். நான் முதல்முறை கவிழ்ந்தது ஒரு ஆகஸ்ட் மாலை, கரையிலிருந்து நூறடிகூட இருக்காது. பாய் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது, நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டு உதைத்துக்கொண்டிருக்கிறேன், நடுப்பலகை மெதுவாகத் தன் துவாரத்திலிருந்து வழுக்கி, என் கண் முன்னாலேயே மிதந்து போகிறது. அது இல்லாமல் படகை நிமிர்த்த முடியாது, ஏறி நிற்க இடமே கிடையாது. மோட்டார் படகில் வந்த ஒரு தம்பதி எடுத்துக் கொடுத்தார்கள். அன்றிரவே அந்தப் பலகையில் துளை போட்டு ஒரு கயிறு கட்டினேன். நீங்கள் முதல் நாளே கட்டிவிடுங்கள்.

சரி, கவிழ்ந்துவிட்டது. முதலில் கூட வந்தவர் தலை தெரிகிறதா என்று பாருங்கள், குரல் கொடுங்கள். பாய்க் கயிறு முழுக்கத் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த உடனே மறுபடி காற்றைப் பிடித்து அந்தப் பக்கம் கவிழும். பிறகு படகின் அடிப்பக்கம் நீந்திப் போய், நீட்டிக்கொண்டிருக்கிற நடுப்பலகையைப் பிடித்துத் தொங்குங்கள். முடிந்தால் அதன்மேல் ஏறி, படகின் உடம்போடு பலகை ஒட்டிய இடத்தில் காலை வைத்து நின்று, மேல் ஓரத்தைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பலகையின் நுனியில் நின்றால் உடைந்துவிடும். பாய் தண்ணீரை விட்டு எழும்ப நேரம் எடுக்கும், பத்து எண்ணுங்கள், எழும்பிய பிறகு படகு தானாக நிமிரும். கால் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அடியில் ஒரு சின்ன அடைப்பான் இருக்கிறது, அதைத் திறந்துவிட்டு ஓட்டினால் வேகத்திலேயே தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

என்ன ஆனாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். கரை எப்போதும் இருக்கிறதைவிடக் கிட்டத்தில் தெரியும். படகு மூழ்காது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கண்ணுக்கும் தெரிவீர்கள்.

படகு வாங்கியதும் முதல் நாள் ஓட்டவே ஓட்டாதீர்கள். வெயில் நாளில், இடுப்பளவைவிடக் கொஞ்சம் ஆழமான இடத்தில், வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஐந்து முறை. ரொம்ப ஆழம் குறைந்த இடம் வேண்டாம், கம்பத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். ஐந்தாவது முறைக்கு அப்புறம் உங்கள் பயம் எங்கே போனது என்று தெரியாது.


துறைமுகம் (சென்னை)

மகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒன்பது வயது என்பது ஆப்டிமிஸ்ட் வயது. 2.36 மீட்டர், 35 கிலோ, பெட்டி மாதிரி சதுர மூக்கு, பார்க்க அழகாக இருக்காது, ஆனால் குழந்தை தனியாக ஓட்டலாம். 1947ல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காகவே வரைந்தது, போட்டிகளில் 15 வயதுவரை ஓட்டலாம். இங்கே துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பக்கம் பிள்ளைகள் அதில்தான் தொடங்குகிறார்கள். நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான், கோடை முகாமில் பாய்ப்படகு கற்றவர், பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், 2021ல் டோக்கியோவில் ஓட்டினார்.

அப்பாவின் படகில் முன்னால் உட்கார்ந்து வருகிற குழந்தை பயணி. சின்னப் படகில் சுக்கானைத் தானே பிடிக்கிற குழந்தைக்கு ஒரு வாரத்தில் காற்று புரிந்துவிடும். அங்கே கோடை முகாம் இருந்தால் சேர்த்துவிடுங்கள், உங்களைவிட முன்னால் கற்றுக்கொள்வாள்.


ஹார்ட்ஃபர்ட் வாசி (ஜூலை)

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஜூன் இரண்டாவது வாரம் வேறு ஒரு சன்ஃபிஷ் கிடைத்தது, 62 கிலோ, 800 டாலர், கூடவே தள்ளிக்கொண்டு போகும் சக்கர வண்டியும். வெள்ளை உடம்பு, ஆரஞ்சும் மஞ்சளும் பட்டை போட்ட பாய், பாயில் சன்ஃபிஷின் அடையாளமான வட்ட மீன் படம் இன்னும் அழியாமல் இருக்கிறது. காரின் மேல் கட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு வகுப்புக்குப் போனேன். மைதிலி அவர்கள் சொன்னது சரி. சுக்கான் பிடியைப் பாய் இருக்கிற பக்கம் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும் என்பதைப் படித்து மனப்பாடம் செய்திருந்தேன், ஆனால் கை எதிர்ப்பக்கமே போனது. நாலாவது தடவைதான் கை கேட்டது.

முதல் நாள் ஏரிக்காற்று சொன்னபடி ஐந்து முறை கவிழ்த்தோம். மூன்றாவது முறை மகள் நான் செய்கிறேன் என்றாள். அவள் எடைக்குப் படகு எழும்பவில்லை, பலகையில் நின்று குதித்துப் பார்த்தாள், நான் பக்கத்தில் ஒரு கையைக் கொடுத்தேன், எழும்பியது. பிறகு இரண்டு நாள் அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு மாலை போகிறோம். காலையில் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கிறது, மதியத்துக்கு மேல்தான் காற்று. சனி ஞாயிறில் மோட்டார் படகுகள் கிளப்பும் அலை தாங்கவில்லை, அதனால் வார நாள்தான். வேம்பார் தம்பி சொன்ன காது விஷயம் அப்படியே வேலை செய்கிறது. ஒன்று நானே கண்டுபிடித்தேன். தூரத்தில் தண்ணீர் மேல் கறுப்பாக ஒரு திட்டு நம்மை நோக்கி ஓடி வரும், அது வந்து சேர்கிற நொடியில் காற்று ஓங்கி அடிக்கும். இப்போது மகள் முன்னால் உட்கார்ந்து "அப்பா, கறுப்பு வருது" என்று சொல்வாள், நான் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு வெளிப்பக்கம் சாய்வேன். தண்ணீர்ச் செடி மட்டும் நடுப்பலகையில் சுற்றிக்கொண்டு படகை நிறுத்திவிடுகிறது, பலகையை ஒருமுறை தூக்கி இறக்கினால் போய்விடுகிறது.

ஒரு சந்தேகம். ஒரு பக்கக் காற்றில் போகும்போது பாய் அழகாக உப்பியிருக்கிறது. மறுபக்கம் திரும்பினால் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு நடுவில் மடிப்பு விழுகிறது. நான் தவறாகக் கட்டியிருக்கிறேனா? இன்னொன்று, பாயின் கீழ் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டிருக்கிறது. வீட்டுத் தையல் மெஷினில் தைக்கலாமா?


வேம்பார் மகன்

மடிப்பு சரிதான் அண்ணா, பாய் கம்பத்துக்கு ஒரே பக்கத்தில்தான் தொங்குகிறது, அதனால் ஒரு காற்றுக்குக் கம்பம் குறுக்கே வரும். எங்கள் பக்கமும் அப்படித்தான்.

பாப்பாவைச் சுக்கான் பிடிக்கவிட்டீர்களா?


ஏரிக்காற்று (நியூ ஜெர்சி)

வீட்டு மெஷினே போதும். பருத்தி நூல் வேண்டாம், வெயிலில் ஒரே கோடையில் இற்றுவிடும், வெளியில் போடும் குடைத்துணி தைக்கிற பாலியஸ்டர் நூல் கேட்டு வாங்குங்கள். நேர்த் தையல் போடாமல் வளைந்து வளைந்து போகும் ஸிக்ஸாக் தையல் போடுங்கள், பாய் இழுபடும்போது நூல் அறுந்துவிடாது. பழைய ஊசித் துளைகளிலேயே தையல் விழுந்தால் துணி பலம் குறையாது. தைப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், மெஷினில் துவைக்காதீர்கள்.


ஹார்ட்ஃபர்ட் வாசி

நூல் வாங்கிவிட்டேன், நாளை தைக்கிறேன். சுக்கானை வியாழக்கிழமை அவளிடம் கொடுத்தேன் தம்பி, கரை திரும்பும்வரை தரவே இல்லை.